பட்டத்துக்கு வேண்டாத புத்தகங்கள்

டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்கிறவருடைய அறைக்குள் சென்று பார்த்தால் இரண்டு வகைப் புத்தகங்கள் கண்ணில் படும். முதல் வகை மேஜையின் மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து காகிதத் துண்டுகள் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும். ஓரங்களில் பென்சில் கோடுகள் ஓடும். யார் வந்தாலும் அவற்றைத் தாராளமாகக் காட்டலாம். இரண்டாவது வகை தலையணைக்கு அடியில் இருக்கும். அது ஒரு நாவலாக இருக்கலாம். எந்தக் காலத்திலோ யாரோ எழுதிய தத்துவ நூலாக இருக்கலாம். ஆராய்ச்சிக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு சாஸ்திரமாகவும் இருக்கலாம். பேராசிரியர் வந்தால் அதன்மேல் போர்வை விழுந்துவிடும். ஊரிலிருந்து தகப்பனார் வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். "இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தால் பட்டம் எப்போது வாங்குவது?" என்ற கேள்வி உடனே பிறந்துவிடும்.

கேள்வி நியாயமானதுதான். உதவிச் சம்பளத்துக்குக் கெடு உண்டு. வயதும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்குச் சரித்திரம் ஒரு பதில் வைத்திருக்கிறது. ஸ்விட்ஜர்லாந்து தேசத்துப் பெர்ன் நகரத்தில், 1902-ம் ஆண்டு முதல் 1905-ம் ஆண்டு வரை, வாடகை அறைகளில் மூன்று வாலிபர்கள் கூடிப் புத்தகம் படித்த கதைதான் அந்தப் பதில்.

1902 பிப்ரவரி மாதத்தில் பெர்ன் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் ஒரு சின்ன விளம்பரம் வெளிவந்தது. மாணவர்களுக்குக் கணிதமும் பௌதிகமும் தனியாகச் சொல்லிக் கொடுக்கப்படும் என்றும், முதலில் பரீட்சார்த்தமாகக் கேட்கும் பாடத்துக்குப் பணம் வேண்டாம் என்றும் அதில் கண்டிருந்தது. விளம்பரம் செய்தவருக்கு வயது இருபத்திரண்டு. பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்.

பிற்காலத்தில் உலகமெல்லாம் அறிந்த அந்தப் பெயருக்கு அப்போது காலணா மதிப்பில்லை. ஜூரிச் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் 1900-ம் ஆண்டு தேறியவர் அவர். அவருடன் தேறிய தோழர்களுக்கெல்லாம் கல்லூரியிலேயே உதவியாளர் வேலை கிடைத்தது. அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. 1901 நவம்பரில் ஜூரிச் சர்வகலாசாலைக்கு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்பினார். இரண்டு மூன்று மாதத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. கட்டியிருந்த 230 பிராங்கு கட்டணமும் திரும்பி வந்தது. பட்டம் போயிற்று; பணமாவது வந்தது! புது யந்திரங்களைக் கண்டுபிடிக்கிறவர்களின் உரிமையைப் பதிவு செய்யும் சர்க்கார் அலுவலகம் ஒன்று பெர்னில் இருந்தது. பேட்டண்டு ஆபீஸ் என்பார்கள். நண்பர் மார்ஸல் கிராஸ்மனுடைய தகப்பனாரின் சிபாரிசால் அங்கே ஒரு வேலை கிடைக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. வேலை கிடைக்கும் வரையில் சாப்பிட வேண்டுமல்லவா? அதற்காகத்தான் விளம்பரம்.

ஈஸ்டர் விடுமுறையில் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மாரிஸ் ஸொலோவின் என்பவர் வந்தார். ருமேனியா தேசத்தவர். பெர்ன் சர்வகலாசாலையில் தத்துவம் படித்துக்கொண்டிருந்தார். ஆகாயத்தில் பறக்கும் தத்துவத்துக்குக் கொஞ்சம் தரையும் வேண்டும் என்று தோன்றிப் பௌதிகம் கற்க வந்தவர் அவர். முதல் நாள் இருவரும் இரண்டு மணி நேரம் பேசினார்கள். விடை பெற்றுக்கொண்டு தெருவில் இறங்கிய பிறகும் அரைமணி நேரம் பேச்சு ஓடிற்று. சில நாள் கழிந்ததும் ஆசிரியரே மாணவரிடம், பாடமெல்லாம் வேண்டாம், இப்படிப் பேசிக்கொண்டிருப்பதே ருசியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மணிக்கு மூன்று பிராங்கு வருமானம் அன்றோடு தீர்ந்தது. பெரிய மேதைகளின் நூல்களைச் சேர்ந்து படித்து விவாதிக்கலாம் என்ற யோசனையைச் சொன்னவர் ஸொலோவின். கான்ராட் ஹாபிஷ்ட் என்ற கணித மாணவரும் வந்து சேர்ந்துகொண்டார். மூவரும் சேர்ந்து தங்கள் சபைக்கு 'ஒலிம்பியா அகாடமி' என்று நாமகரணம் செய்தார்கள். கிரேக்க தேவர்களை நினைவூட்டும் பெயரை வாடகை அறைக்கு வைப்பதென்றால் வேடிக்கைதானே! பெரிய மனிதர்களும் பொன்னாடைகளும் நிறைந்த உண்மையான அகாடமிகளைக் கேலி செய்வதும் அவர்களுடைய நோக்கம்.

சபையின் விருந்து மிகவும் எளிமையானது. கொஞ்சம் மாமிசக் குழல், ஒரு துண்டுப் பாலாடைக் கட்டி, பழம், சிறிய ஜாடியில் தேன், ஒன்றிரண்டு கோப்பைத் தேநீர். அதோடு சரி. ஐன்ஸ்டீனின் பிறந்த நாளன்று மற்ற இருவரும் கைக்காசைச் செலவழித்து 'காவியார்' என்னும் மீன் முட்டைப் பதார்த்தத்தை வாங்கி வந்து வைத்தார்கள். பிரபுக்கள் சாப்பிடுகிற பண்டம் அது. ஐன்ஸ்டீன் அன்றைக்குக் கலிலியோவின் ஜடத்துவ விதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு வேகத்தில் காவியார் முழுவதும் உள்ளே போய்விட்டது. என்ன சாப்பிட்டீர் தெரியுமா என்று நண்பர்கள் கேட்ட பிறகுதான் அவர் திகைத்து விழித்தாராம்.

அப்படி அவர்கள் படித்த நூல்கள் எவை? ஸொலோவின் பிற்காலத்தில் ஒரு ஜாபிதா கொடுத்திருக்கிறார். கார்ல் பியர்ஸன் எழுதிய விஞ்ஞான இலக்கண நூலில் தொடங்கினார்கள். பிறகு எர்னஸ்ட் மாக், ஜான் ஸ்டூவர்ட் மில், டேவிட் ஹியூம், ஸ்பினோஸா, ஹென்ரி பாயின்காரே, ரீமான், டெடகிண்ட். நடுநடுவே ஸோபோகிளீஸின் 'ஆன்டிகனி', ரஸீனின் நாடகம், டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதைகள், ஸெர்வான்டிஸின் 'டான் குவிக்ஸாட்'. புத்தகம் படித்தே புத்தி பேதலித்துப் போன ஒரு மனிதரின் கதையைப் புத்தகப் பைத்தியங்கள் மூவர் கூடி உட்கார்ந்து படித்து ரசித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஜாபிதா நீளமாக இல்லை என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். அவர்கள் வேகமாகப் படிக்கவில்லை. ஒரு பக்கம் படிப்பார்கள். சில நாள் அரைப் பக்கம். சில நாள் ஒரே ஒரு வாக்கியம். உடனே சர்ச்சை கிளம்பிவிடும். விஷயம் முக்கியமானதாக இருந்தால் அது நாட்கணக்கில் நடக்கும். 1902 ஜூன் மாதம் ஐன்ஸ்டீனுக்குப் பேட்டண்டு ஆபீஸில் மூன்றாந்தர நிபுணர் உத்தியோகம் கிடைத்தது. வருஷத்துக்கு 3,500 பிராங்கு சம்பளம். வாரத்தில் ஆறு நாள், நாளைக்கு எட்டு மணி நேர வேலை. மத்தியானம் அவர் ஆபீஸை விட்டு வெளியே வரும்போது ஸொலோவின் வாசலில் காத்திருந்து முதல் நாள் ராத்திரி விட்ட இடத்திலிருந்து வாதத்தைத் தொடங்குவாராம்.

சபைக்கு வராமல் இருப்பது மகா குற்றம். ஒரு நாள் ஸொலோவின் அறையில் கூடுவதாக ஏற்பாடு. அன்றைக்கு ஊரில் நல்ல சங்கீதக் கச்சேரி ஒன்று இருந்தது. ஸொலோவினுக்கு ஆசை தாங்கவில்லை. வேகவைத்த முட்டைகளை மேஜைமேல் வைத்து, லத்தீன் பாஷையில் நண்பர்களுக்கு உபசாரச் சீட்டு ஒன்றும் எழுதி வைத்துவிட்டுக் கச்சேரிக்குப் போய்விட்டார். வந்த இருவரும் முட்டையைச் சாப்பிட்டார்கள். ஸொலோவினுக்குப் புகையிலை வாடையே ஆகாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஐன்ஸ்டீன் குழாயையும் ஹாபிஷ்ட் தடித்த சுருட்டையும் எடுத்தார்கள். அறை முழுவதும் புகை மண்டிய பிறகு, நாற்காலி, தட்டு, புத்தகம் எல்லாவற்றையும் படுக்கையின் மேல் மலைபோல் குவித்துவிட்டு, தாங்களும் லத்தீனில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். மறுநாள் ஸொலோவினுக்குக் கிடைத்த அர்ச்சனையும் சாமானியமானதல்ல.

இந்தச் சிரிப்புக்கு நடுவே நான்காவதாக ஒருவர் மௌனமாக உட்கார்ந்திருந்தார். 1903 ஜனவரியில் ஐன்ஸ்டீன் மிலேவா மாரிச்சை மணந்தார். கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களும் ஹாபிஷ்டும் ஸொலோவினும்தான். மிலேவா அதே ஜூரிச் கல்லூரியில் பௌதிகம் படித்தவர். இரண்டு தடவை கடைசிப் பரீட்சை எழுதியும் தேறவில்லை. டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கும் இருந்தது, அது கைகூடவில்லை. சபை நடக்கும்போது அந்த அம்மாள் கூர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், ஆனால் சர்ச்சையில் கலந்துகொள்ள மாட்டார் என்று ஸொலோவின் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. 1904 மே மாதம் குழந்தை பிறந்தது. பட்டத்துக்கு வேண்டாத புத்தகத்தைப் படிப்பதற்கும் யாரோ ஒருவர் அடுப்பையும் தொட்டிலையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒலிம்பியாவின் சரித்திரத்தில் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

டாக்டர் பட்டம் என்னவாயிற்று? 1903 தொடக்கத்தில் ஐன்ஸ்டீன் மற்றொரு நண்பரான பெஸ்ஸோவுக்கு எழுதிய கடிதத்தில், பட்டம் வாங்கும் எண்ணத்தையே விட்டுவிட்டதாகவும், அந்தக் கூத்து முழுவதும் அலுத்துவிட்டதாகவும் தெரிவித்தார். ஆனால் இரண்டு வருஷத்துக்குள் மனம் மாறிவிட்டது. 1905 ஏப்ரல் 30-ந் தேதி ஒரு புது ஆராய்ச்சிக் கட்டுரையை முடித்தார். ஜூலை மாதம் ஜூரிச் சர்வகலாசாலையில் கொடுத்தார். பேராசிரியர் கிளைனர் சிபாரிசு செய்தார். கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அச்சில் அது இருபது பக்கம்கூடத் தேறாது. அதைக் கிராஸ்மனுக்குக் காணிக்கையாக்கினார்.

அந்தக் கட்டுரையின் விஷயம் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் பழக்கமானது. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் கெட்டிப்படுகிறது. பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது தெரியும். எவ்வளவு சர்க்கரைக்கு எவ்வளவு கெட்டிப்படுகிறது? கரைந்த சர்க்கரை எவ்வளவு வேகத்தில் பரவுகிறது? இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, கண்ணால் காண முடியாத ஒரு சர்க்கரை மூலக்கூறு எத்தனை பெரியது என்று கணக்கிட்டுவிடலாம் என்றார் ஐன்ஸ்டீன். ஒரு சென்டிமீட்டரைக் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு அதன் ஆரம் என்று விடை வந்தது. கணக்கில் இருந்த ஒரு பிசகு 1911-ல் திருத்தப்பட்டது. வழி சரியான வழி.

இங்கேதான் கதையின் ருசியே இருக்கிறது. ராத்திரி வேளைகளில் அவர் மதிப்போடு படித்த எர்னஸ்ட் மாக் யார் தெரியுமா? அணு, மூலக்கூறு என்பதெல்லாம் கணக்குக்கு வசதியான கற்பனைகள், அப்படிப்பட்ட வஸ்துக்கள் உண்மையில் இருப்பதாக நம்ப வேண்டியதில்லை என்று பிடிவாதமாகச் சொல்லிவந்த பெரியவர்! மூலக்கூறை அளந்து காட்டும் ஆராய்ச்சிக் கட்டுரை மேஜைமேல் இருக்கிறது. மூலக்கூறே இல்லை என்கிறவரின் புத்தகம் பக்கத்தில் இருக்கிறது. சாதாரண மாணவனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? புத்தகத்தை நம்பிக் கட்டுரையைக் கிழித்திருப்பான்; அல்லது கட்டுரைக்கு விரோதமான புத்தகம் என்று அதை மூடி வைத்திருப்பான். ஐன்ஸ்டீன் இரண்டையும் செய்யவில்லை. அணுவைப் பற்றி மாக் சொன்னதைத் தள்ளிவிட்டார். வேறொரு விஷயத்தைப் பற்றி மாக் சொன்னதை எடுத்துக்கொண்டார்.

அந்த வேறொரு விஷயம் காலம். உலகத்தில் எது நடந்தாலும் நடக்காவிட்டாலும், எங்கும் ஒரே சீராக, தானாகவே ஓடிக்கொண்டிருப்பது காலம் என்று நியூட்டன் வகுத்திருந்தார். இருநூறு வருஷங்களாக அது வேதவாக்கு. எதைக் கொண்டும் அளந்து பார்க்க முடியாத அப்படிப்பட்ட காலத்தால் விஞ்ஞானத்துக்கு என்ன பிரயோஜனம் என்று மாக் தமது நூலில் கேட்டிருந்தார். அவருக்கும் முந்திய ஹியூம், ஸ்காட்லாந்துக்காரர், இருபது வயதைத் தாண்டிய பருவத்தில் எழுதி 1739-லும் 1740-லும் வெளியிட்ட பெரிய நூலில், நம்முடைய எண்ணங்களுக்கெல்லாம் அனுபவத்தில் என்ன ஆதாரம் என்று ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்திருந்தார். நெருப்பைப் பார்க்கிறோம், சூட்டை உணர்கிறோம், நெருப்புத்தான் சூட்டைப் பிறப்பித்தது என்ற பந்தத்தை எங்கே கண்டோம்? ஒன்றுக்குப் பின் ஒன்று வந்து பழகிய பழக்கமல்லவா அது? காலம் என்ற எண்ணமும் அப்படித்தான். மாறுகிற பொருள்களின் வரிசையை விட்டுத் தனியாகக் காலம் என்று ஒன்றை நாம் அறிவதில்லை என்றார் ஹியூம். பாயின்காரேயோ 1902-ல் வெளியிட்ட நூலில், இரண்டு வெவ்வேறு இடங்களில் நடக்கும் காரியங்கள் ஒரே சமயத்தில் நடந்தன என்பதை நாம் நேராக அறிவதற்கு வழியில்லை என்று சுட்டிக் காட்டியிருந்தார். அந்தப் புத்தகம் மூவரையும் வாரக்கணக்கில் கட்டிப் போட்டுவிட்டதாம்.

1905 மே மாதத்தில் இந்த விதைகள் முளைத்தன. பெர்ன் நகரத்து மணிக்கூண்டு ஐன்ஸ்டீன் குடியிருந்த கிராம்காஸ்ஸே வீதி வீட்டுக்கு மிகவும் பக்கம். ஏழு மணிக்கு ரயில் வந்தது என்றால் என்ன அர்த்தம்? கடிகார முள் ஏழில் நின்றதும் ரயில் வந்ததும் ஒரே சமயத்தில் நடந்தன என்று அர்த்தம். கடிகாரமும் ரயிலும் பக்கத்தில் இருந்தால் சரி. நெடுந்தூரத்தில் இருந்தால்? அங்கிருந்து செய்தி வர நேரம் பிடிக்கிறது. ஒளிக்குக்கூட நேரம் பிடிக்கிறது. அப்படியானால் 'ஒரே சமயம்' என்பதை முதலில் இலக்கணம் செய்துகொள்ள வேண்டும். இலக்கணம் செய்து பார்த்தால், தரையில் நிற்பவருக்கு ஒரே சமயத்தில் நடந்த இரண்டு காரியங்கள் வேகமாக ஓடும் வண்டியில் இருப்பவருக்கு முன்பின்னாக நடந்தவை ஆகிவிடுகின்றன! பெஸ்ஸோவுடன் பேசிய பேச்சில் முடிச்சு அவிழ்ந்தது. ஐந்தாறு வாரத்தில் கட்டுரை தயார். ஜூன் 30-ந் தேதி அது பத்திரிகாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதுதான் சார்பியல் தத்துவம்.

இவ்வளவு பெரிய கட்டுரையில் எந்தப் புத்தகத்தையும் அவர் ஆதாரமாகக் காட்டவில்லை. கடைசியில் பெஸ்ஸோவுக்கு மட்டும் நன்றி சொல்லியிருக்கிறார். ராத்திரிப் படிப்பின் சுவடே அதில் தெரியாது. ஆனால் பத்து வருஷம் கழித்து, 1915-ல், ஷ்லிக் என்ற தத்துவ அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் கடனை ஒப்புக்கொண்டார். சார்பியலைக் கண்டுபிடிப்பதற்குச் சற்று முன்பு ஹியூமின் நூலை ஆர்வத்தோடும் வியப்போடும் படித்ததாகவும், அந்தப் படிப்பு இல்லாதிருந்தால் தாம் விடையைக் கண்டிருக்கவே மாட்டாமல் போயிருக்கலாம் என்றும் எழுதினார்.

இதைக் கொண்டு, ஹியூமைப் படித்தால் யாரும் ஐன்ஸ்டீன் ஆகிவிடலாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஹியூம் நூலை ஐரோப்பாவில் எத்தனையோ பேர் படித்தார்கள். அதே அறையில், அதே பக்கத்தை, அதே விளக்கின் கீழ் ஸொலோவினும் ஹாபிஷ்டும் படித்தார்கள். ஒரே சமயம் என்பதைப் பற்றிச் சந்தேகம் எழுப்பிய பாயின்காரே, ஐன்ஸ்டீனைவிடப் பெரிய கணித மேதை. அவரே ஆகாய வெளியெல்லாம் நிறைந்திருப்பதாகக் கருதப்பட்ட ஈதரை முற்றிலும் கைவிட மனமில்லாமல் நின்றுவிட்டார். பகலெல்லாம் பௌதிகத்தில் ஒரு முடிச்சோடு மல்லாடிக்கொண்டிருந்தவர் கையில்தான் ராத்திரிப் புத்தகம் பயன்பட்டது. மல்லாட்டம் இல்லாதவருக்கு அது நல்ல பொழுதுபோக்கு, அதிலும் தப்பில்லை.

பின், அந்தப் புத்தகங்கள் என்ன செய்தன? விடை சொல்லவில்லை. ஹியூமுக்கு மின்சாரம் தெரியாது. ஒளியின் வேகத்தைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை. சர்க்கரை மூலக்கூறை அளப்பதற்கு வேண்டிய சூத்திரங்கள் மேஜைமேல் இருந்த புத்தகங்களில் இருந்தன. அவை கேட்ட கேள்விக்குப் பதில் தரும் புத்தகங்கள். 'காலம் என்றால் என்ன என்று நமக்கு நன்றாகத் தெரியும்' என்று எல்லாரும் நினைத்திருந்த இடத்தில், 'தெரியுமா?' என்று கேட்கும் துணிச்சலை மற்றப் புத்தகங்கள் கொடுத்தன. இருநூறு வருஷத்துப் பெரியவரை எதிர்த்துக் கேட்கலாம், வானம் இடிந்து விழுந்துவிடாது என்று ஒருவருக்குக் காட்டிக் கொடுப்பது சின்ன உபகாரமா? ஆன்டிகனியும் டான் குவிக்ஸாட்டும் என்ன உபகாரம் செய்தார்கள் என்று யாரும் விரல் வைத்துக் காட்ட முடியாது. அரசன் கட்டளையை மீறிய ஒரு பெண்ணும், உலகமே சிரித்தாலும் தான் கண்டதை விடாத ஒரு கிழவரும் அந்த அறையில் இருந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

சபை நீண்ட காலம் நடக்கவில்லை. 1904-ல் ஹாபிஷ்ட் பெர்னை விட்டுப் போனார். 1905 மே மாதம் ஐன்ஸ்டீன் அவருக்கு ஒரு வேடிக்கைக் கடிதம் எழுதினார். உம்முடைய ஆராய்ச்சிக் கட்டுரையை ஏன் இன்னும் எனக்கு அனுப்பவில்லை, அதைச் சந்தோஷமாகப் படிக்கக்கூடியவர்கள் ஒன்றரைப் பேர்தான் இருப்பார்கள், அதில் நான் ஒருவன் என்று சண்டை பிடித்தார். பதிலுக்குத் தாம் நான்கு கட்டுரைகள் அனுப்புவதாக வாக்களித்தார். அந்த நான்கில் ஒன்றுதான் சர்க்கரைக் கட்டுரை, நான்காவது சார்பியல். 1905-லேயே ஸொலோவினும் ஊரை விட்டார். 1906 ஜனவரியில் ஐன்ஸ்டீன் முறைப்படி டாக்டர் ஐன்ஸ்டீன் ஆனார். ஏப்ரல் மாதம் ஆபீஸில் இரண்டாந்தர நிபுணராகப் பதவி உயர்வும் வந்தது. தகப்பனார் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். அவர் 1902 அக்டோபரிலேயே காலமாகிவிட்டார்.

1953-ம் ஆண்டு ஹாபிஷ்டும் ஸொலோவினும் பாரிஸ் நகரத்தில் சந்தித்தார்கள். இருவரும் கிழவர்கள். பழைய ஞாபகத்தில், சபையின் தலைவர் இல்லாத குறையைச் சொல்லி அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்துக்கு ஒரு கார்டு போட்டார்கள். எழுபத்து நான்கு வயதுத் தலைவர் ஏப்ரல் மாதம் பதில் எழுதினார். பிற்காலத்தில் தாம் நெருங்கிப் பார்த்த மதிப்பு வாய்ந்த அகாடமிகளைவிட நம்முடைய அகாடமி பிள்ளைத்தனம் குறைந்தது என்பது அவருடைய தீர்ப்பு. உலகத்துச் சபைகளெல்லாம் மாலை போட்டு அழைத்த மனிதர் எழுதியது இது. 1955 ஏப்ரல் 18-ந் தேதி அவர் மறைந்தார். மற்ற இருவரும் 1958-ல் மறைந்தார்கள்.

கிராம்காஸ்ஸே வீதியில் அவர் குடியிருந்த 49-ம் எண் வீட்டை இன்றைக்குக் காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள். சர்க்கரைக் கட்டுரையையும் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். அது வீணான கட்டுரை அல்ல. ஆனால் அதற்கு மட்டும் வேண்டிய புத்தகங்களோடு அவர் நின்றிருந்தால், மூலக்கூறை அளந்த ஒரு நல்ல டாக்டராக, பெர்னில் மணிக்கூண்டு அடிப்பதைக் கேட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போய் வந்திருக்கலாம்.

ஆகையால், ஆராய்ச்சி செய்யும் பிள்ளையையோ பெண்ணையோ பார்க்கப் போகிற பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். போர்வைக்கு அடியில் ஒரு புத்தகத்தின் முனை தெரிந்தால் உடனே கோபித்துக்கொள்ள வேண்டாம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். ஒரு வாக்கியத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அது சரியல்ல என்று உங்களுக்குத் தோன்றினால் தாராளமாகச் சண்டை போடுங்கள். சாப்பாடு கொஞ்சம் ஆறிப் போகும், போகட்டும்.